எட்வர்ட் காலத்து பங்களாவுக்கு நான் சொன்ன சாட்சி

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து கண்டோன்மென்ட் போய் வந்தேன். எட்வர்ட் ராஜா காலத்து பங்களா ஒன்று அங்கே இருக்கிறது. காலை 9.10க்கு பஸ், டிக்கெட் 15 ரூபாய், பத்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். முப்பது வருஷ மேஸ்திரி இல்லையா, இறங்குவதற்குள் நாலு பேராவது எனக்குக் கும்பிடு போட்டிருப்பார்கள்.

வீட்டுக்காரர் மேரி டீச்சர், ரிட்டயரானவர். கட்டியவர் நாகப்பட்டினத்தில் துறைமுக வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை. கடல்காற்றை நினைத்தே ஆளுயர ஜன்னல் வைத்தாராம். நம் ஊரில் அதன் வழியாக வருவது அனல்தான். தேக்கு உத்தரத்தில் யானைக்கு ஊஞ்சல் கட்டலாம்.

வீட்டில் பங்குள்ள டீச்சரின் அண்ணன், அதை இடித்து அடுக்குமாடி கட்ட அவசரப்படுகிறார். பழமையான கட்டடங்கள் பட்டியலில் ஏறிவிட்டால் இடிக்க முடியாது. அதற்கு ஆய்வு செய்ய அன்று அதிகாரி வருவதாக இருந்தது. மரமும் ஓடும் பழையபடியே இருக்கின்றன என்று சொல்லத்தான் டீச்சர் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் அங்கே செய்ததெல்லாம் வெள்ளையடித்ததும், உடைந்த ஏழு ஓடு மாற்றியதும்தான்.

பதினொரு மணிக்கு வந்த அதிகாரி உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். "பிரமாதமா இருக்கே! யாரு வேலைங்க?"

என்னிடம் அப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது!

"நம்ம வேலைதாங்க! பழசு பூரா கழிச்சுட்டேன். உத்தரம், ஓடு, தரை எல்லாம் புதுசு. பர்மா தேக்கு, நானே போய் இறக்கினது."

அவர் எழுதிக்கொண்டார்.

"அண்ணே, என்ன பேசறீங்க? ஏழு ஓடுதானே மாத்துனீங்க!" டீச்சர் பதறினார்.

"ஆமாங்க சார், அதான் நெஜம். சும்மா ஒரு பெருமைக்கு..."

"இப்ப டீச்சருக்காக மாத்திச் சொல்றீங்க மேஸ்திரி" என்று அவர் நோட்டை மூடினார். "புதுசைப் பழசுன்னு நான் எப்படிங்க எழுதுறது?"

கிளம்பும்போது டீச்சர் திட்டவில்லை. "வெயில் ஏறுது, போயிட்டு வாங்கண்ணே" என்றார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் அண்ணன்காரர் போன் செய்தார். "நல்ல காரியம் பண்ணுனீங்க மேஸ்திரி! இடிக்கிற வேலையையும் நீங்களே எடுத்துக்குங்க."

வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அதனால் வீடு நிற்கப்போவதில்லை; இடிக்க ஆளா இல்லை?

போகிறவர்கள் இந்த மாசத்துக்குள் போங்கள். பத்து மணிக்குமேல் கதவைத் தட்டினால் டீச்சரே திறப்பார். கூடத்தில் நின்று அந்த உத்தரத்தைப் பாருங்கள். அது பழசுதான். நான் தொட்டதே இல்லை.