ஷம்சுதீன் பாயின் மே மாதப் பந்தல்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தோல் பதனிடும் டேனரி வாசலில் ஒரு லாரிக்காரரோடு கத்திக்கொண்டிருந்தேன். உப்பு மூட்டைகளை நடுவழியில் இறக்கிவிட்டு நழுவப் பார்த்தார் அந்த மனிதர். ஆபீசில் போன் அடித்தது. எரிச்சலோடு போய் எடுத்து, "இன்னா?" என்றேன். மறுமுனையில் அன்வர், பந்தல் காண்ட்ராக்டர் ஷம்சுதீன் பாயின் மூத்த மகன்.

"சார், அப்பா போய்ட்டாரு சார். விடிகாலையில. தூக்கத்துலயே."

லாரிக்காரர் பின்னாலேயே வந்து பேசிக்கொண்டிருந்தார். "எங்க வேணா இறக்கிக்கோப்பா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லோரோடும் சண்டை பிடிக்கும் மேனேஜர் நான் இப்படிச் சொன்னதில் அவரே பயந்துபோய், மூட்டைகளைச் சரியான இடத்தில் அடுக்கிவிட்டுப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பாயைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணமோ, காதுகுத்தோ, கட்சிக் கூட்டமோ, பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, பந்தல் என்றால் ஷம்சுதீன் பாய்தான். ஒல்லியான உடம்பு, ஊருக்கே கேட்கும் குரல். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. "ஆம்பூர்ல ரெண்டுதான் சார் ஃபேமஸ். ஒண்ணு பிரியாணி, இன்னொண்ணு நானு" என்பார். "அப்ப தோலு?" என்று நான் சீண்டுவேன். "அது நாத்தம். ஃபேமஸ் வேற, நாத்தம் வேற" என்று பதில் வரும்.

எனக்கு அவர் பழக்கமானது எழுபதுகளின் நடுவில், என் தங்கையின் கல்யாணத்தில். குடியாத்தத்தில் எங்களுக்குக் கைத்தறி லுங்கித் தொழில். கல்யாணம் ஐப்பசியில். அதற்கு முந்தைய ஐப்பசி பொட்டு மழை இல்லாமல் காய்ந்து போயிருந்தது. அதனால், வெறும் கீற்றுப் பந்தல் போதும், தகரம் வேண்டாம் என்று என் தகப்பனார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நீங்க போன வருஷத்தைப் பார்த்து பந்தல் போடச் சொல்றீங்க. நான் இதுவரைக்கும் போட்ட எல்லா ஐப்பசிக் கல்யாணத்தையும் பார்த்து போடறவன். ஐப்பசின்னா தகரம்தான். புடிக்கலன்னா வேற ஆளைப் பாருங்க."

என் தகப்பனாரிடம் அப்படிப் பேசியவர்கள் அதுவரை யாரும் இல்லை. தகரம் போட்டார்கள். கல்யாணத்தன்று பார்த்தால் வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது! சாப்பாட்டுப் பந்தியில் எல்லோர் முன்னாலும் தகப்பனார் கேட்டார், "எங்கேப்பா உன் மழை?" பாய் நிதானமாகப் பாயசத்தைக் குடித்து முடித்தார். "மழை வரலன்னு குடையைத் திட்டுவீங்களா ஐயா? அடுத்த ஐப்பசிக்கு கூப்டாலும் தகரம்தான் போடுவேன்" என்றார். எனக்கு அப்போது அவர்மேல் கோபம்தான் வந்தது. தோற்ற பிறகும் இப்படி நிமிர்ந்து நிற்கிறாரே என்று நினைத்தேன். அவர் தோற்கவில்லை என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

பிறகு நான் ஆம்பூர் டேனரியில் வேலைக்கு வந்தேன். அவருடைய வீடும் கிடங்கும் எங்கள் மதிலுக்கு அடுத்தே இருந்தன. காலை டீ ஒன்றாகக் குடிக்கப் போய், தோஸ்த் ஆனோம். டீக்கடையில் வெயில் கொஞ்சம் கூடக் கொளுத்தினால் "காலமே மாறிப்போச்சு" என்பார்கள். மறு வாரம் ஆலங்கட்டி விழுந்தால் அதற்கும் அதே பாட்டு. பாய் கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சண்டைக்குப் போவார்.

"ஒரு நாள் பிரியாணியில உப்பு ஜாஸ்தியா போச்சுன்னா, மாஸ்டரே மாறிட்டான்னு சொல்லுவியா? இன்னிக்கு ஜாஸ்தி, நாளைக்கு கம்மி, அது எப்பவும் உள்ளதுதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கினே போவுதான்னு பாரு. அப்ப சொல்லு, நானும் வர்றேன், ரெண்டு பேரும் அடுப்பாங்கரைக்கே போய்ப் பார்ப்போம்."

மே மாதத்துக்கு அவரிடம் ஒரே சட்டம். உயரமான கீற்றுப் பந்தல், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். சமையல் நடக்கும் இடத்துக்கு மட்டும் தகரம். "கோடை மழை வந்தா நனைவாங்க. வெயில் அடிச்சா விழுவாங்க. மே மாசத்துல எது ஜாஸ்தி வரும்? அவ்ளோதான் சார் இந்தத் தொழிலு" என்பார். வேலூர்ப் பக்கத்துக் கத்திரியை அனுபவித்தவர்கள் அதை மறுத்துப் பேச முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய ஒரே மகள் நூருன்னிசாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருந்தவர்கள். தேதி மே மாதத்தில் விழுந்தது. அதற்கு முந்தைய வாரம், ஜோலார்பேட்டையில் ஒரு ரயில்வே ஊழியர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாய் தன் வழக்கப்படி கீற்றுப் பந்தல் போட்டிருந்தார். பிற்பகலில் சூறைக்காற்று எழுந்து, கூரையைக் கீற்று கீற்றாகப் பிய்த்துக்கொண்டு போய் ரயில் தண்டவாளத்தில் போட்டது. பின்னாலேயே மழை. சாப்பாடு, மாலை, மணப்பெண் எல்லாம் தெப்பல். அந்தப் பெண் நனைந்த பட்டுப்புடவையோடு அழுததைப் பாய் நேரில் பார்த்துவிட்டு வந்தார்.

நூருவின் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை நான் போய்ப் பார்த்தபோது என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. வாசல் முழுக்கத் தகரம். காற்று தூக்கிவிடக் கூடாது என்று கூரையைத் தாழ்வாக இறக்கி, பக்கங்களையும் படுதா கட்டி அடைத்திருந்தார்.

"இன்னா பாய் இது? மே மாசத்துல தகரமா?" என்றேன்.

"பேஜார் பண்ணாத சார்" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "மத்தவங்க வீட்டுக்கு நான் கணக்குப் பார்ப்பேன். இது என் பொண்ணு சார்."

தாழ்ந்த தகரத்தில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தேன்.

மறுநாள் நிக்காஹ், லுஹர் என்னும் பகல் தொழுகைக்குப் பிறகு. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்சில் வந்தவர்களைப் பந்தலில் உட்கார வைத்தார்கள். வானம் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பகல் ஏற ஏற அந்தத் தகரத்துக்குக் கீழே இருந்தவர்கள் பட்ட பாட்டை என்னால் விவரிக்க முடியாது. மூச்சே சுட்டது. குழந்தைகள் வீறிட்டன. மாப்பிள்ளையின் தகப்பனார் ஹபீபுல்லா சாகிப் தண்ணீர் கேட்டார். டம்ளர் வருவதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார்.

பந்தலே எழுந்து நின்றது. விருந்தாளியாக வந்திருந்த டாக்டர் ஓடி வந்து சட்டையைக் கழற்றச் சொல்லி, ஈரத்துணி போட்டார். மாப்பிள்ளையின் மாமன் கத்த ஆரம்பித்தார். "பந்தல்காரர் வீட்டுச் சம்பந்தம்னு வந்தோம். அடுப்புல உக்கார வெச்சு என் மச்சானை சாகடிக்கப் பாத்தீங்களே! நிக்காஹும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஏறுங்கப்பா பஸ்ல!" கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நூருவின் முகத்தை அப்போது பார்த்தேன். பாவம், அழக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

பாய் கம்பத்தைப் பிடித்து விறுவிறுவென்று மேலே ஏறினார். வெறும் கையால் தகரத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். அது எப்படிக் காய்ந்திருக்கும்! கை பொசுங்குவது தெரியாமல் ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போனார். "இறங்குங்க பாய்! இதைப் பிரிக்கச் சாயந்திரம் ஆயிடும்!" என்று நான் கீழிருந்து அலறினேன்.

அப்போதுதான் எனக்கு எங்கள் உலர்த்துக் கொட்டகை நினைவுக்கு வந்தது. பதனிட்ட தோலை வெயிலில் போட்டால் விறைத்துவிடும் என்பதால் நிழலில் தொங்கவிட்டுக் காற்றில் காய வைப்போம். அதற்காகவே கட்டிய உயரமான ஓட்டுக் கட்டடம். பக்கமெல்லாம் மரச்சட்டம், சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி. எங்கள் முதலாளியும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். கேட்டேன். "சாவி உன் கிட்டதானே இருக்கு? இதுக்கெல்லாம் கேப்பியா?" என்று என்னையே திட்டினார்.

புது லுங்கியும் சலவைச் சட்டையுமாக வந்திருந்த எங்கள் டேனரி ஆட்கள் ஓடிப்போய், தொங்கிய தோலை எல்லாம் இறக்கி ஒரு ஓரமாகக் குவித்தார்கள். ஜமக்காளம் விரித்தோம். சாகிபைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து போட்டோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தவர், மேலே மூங்கிலில் மிச்சம் தொங்கிய இரண்டு ஆட்டுத்தோல்களைப் பார்த்து மிரண்டார்.

"இன்னா இது? எங்க கொண்டாந்து போட்டிருக்கீங்க என்னை?"

"டேனரி, சாகிப்."

மூக்கைச் சுளித்தார். எழுந்து உட்கார்ந்தார். ஒரு சுற்றுப் பார்த்தார். "நாத்தம் தாங்கல. ஆனா காத்து வருது. காஜியை இங்கயே வரச் சொல்லுங்க" என்றார். மைத்துனரைப் பார்த்து, "நீ சும்மா கெட. எனக்குத்தான் மயக்கம், உனக்கில்ல" என்று ஒரு அதட்டல். கிருஷ்ணகிரிக்காரர்கள் மூக்கில் கைக்குட்டையோடும், ஆம்பூர்க்காரர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தபடியும் உட்கார்ந்திருக்க, எங்கள் உலர்த்துக் கொட்டகையில் அந்த நிக்காஹ் நடந்தது. பிரியாணியும் அங்கேதான். அன்று முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை.

மறுநாள் போனபோது பாய் இரண்டு உள்ளங்கையிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் குழந்தை மாதிரி அழுதார். "ஊருக்கெல்லாம் வாய் கிழியச் சொன்னேனே சார். என் பொண்ணுன்னு வந்ததும் போன வாரக் காத்து ஒண்ணுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. நல்ல மனுஷன் சார் அவரு. போயிருந்தார்னா?" அதற்குப் பிறகு ஹபீபுல்லா சாகிபுக்கு வெயில் ஆகாமல் போய்விட்டது. கொஞ்சம் சூடு தாக்கினாலும் தலை சுற்றும். ஆம்பூருக்கு வந்தாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பார். ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அதுதான் பாயை அதிகமாக உறுத்தியது.

அடுத்தடுத்த கோடைகளில் பாய் வேறு ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் உச்சிவேளை வரை கீற்றுக் கட்டிய ஆட்கள் இப்போது வெயில் தாங்காமல் அதற்கு முன்பே இறங்கிவிடுகிறார்கள் என்றார். "எனக்கு வயசாச்சு, அதனால அப்படித் தெரியுதான்னும் யோசிக்கிறேன் சார்" என்று அவரே குறுக்குக் கேள்வியும் போட்டுக்கொள்வார்.

சில மாதங்களுக்கு முன்பு செய்தித்தாளில் ஒரு கட்டுரை வந்தது. ஆலைப் புகையும் வண்டிப் புகையும் வானத்தில் சேர்ந்து பூமியே சூடேறி வருகிறது, இனி வரும் காலத்தில் கொடும் வெயில் நாட்கள் கூடும் என்று எழுதியிருந்தார்கள். நான் அதை ஆசையோடு அவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். படித்துக் காட்டிவிட்டு, "பார்த்தீங்களா பாய்? நூரு கல்யாணத்துல அடிச்சது சாதாரண வெயில் இல்ல. காலமே மாறிட்டு வருது. உங்க மேல தப்பே இல்ல" என்றேன். அவர் மனதிலிருந்து அந்தப் பாரத்தை இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

பாய் கையைத் திருப்பி உள்ளங்கைத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர்ல போட்டது நிஜமாத்தான் இருக்கும் சார். எனக்கும் அப்படித்தான் தோணுது. உப்பு ஏறிக்கினேதான் போவுது. ஆனா அந்த ஒரு நாளைத் தூக்கி அது தலையில போடாத. அன்னிக்கு அடிச்சது பழைய வெயிலா, புது வெயிலான்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. தகரம் போட்டது நான்."

பிறகு பேப்பரை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். எனக்காவது தெரியாதுன்னு ஒரு சாக்கு இருந்துச்சு. இனிமே போடறவனுக்கு அதுவும் கிடையாது. சொல்லிட்டாங்களே."

மறுநாளே அன்வரைக் கூப்பிட்டு, கத்திரியில் பகல் விருந்துக்கு ஒப்புக்கொள்ளாதே, சாயந்திரத்துக்கு மாற்றச் சொல், கேட்காவிட்டால் கீற்றை இன்னும் உயர்த்து என்று உத்தரவு போட்டார். "ஆர்டர் போயிடும்பா" என்று மகன் முணுமுணுத்தான். "போவட்டும்" என்றார். அப்படித்தான் இந்தக் கோடை முழுக்க நடத்தினார்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பியபோது நடுப்பகல். பிள்ளைகள் வாசலில் உயரமான கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். ஹபீபுல்லா சாகிப் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்தார். தலையில் ஈரத்துண்டு, கையில் தடி. பந்தலுக்குள் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நூரு அழுத கண்ணோடு பதறி ஓடி வந்தாள்.

"மாமா, உங்களுக்கு ஆகாது. வெயிலு. உள்ள வந்து படுங்க."

அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்மா. உங்க அப்பா பந்தல்ல நான் ஒரு தடவைகூட சுகமா உக்காந்தது இல்ல. இன்னிக்கு உக்காந்துட்டுப் போறேன்."

சாயங்காலத் தொழுகைக்கு அழைப்பு வரும் வரை அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நானும் பக்கத்திலேயே இருந்தேன். நல்ல காற்று, பாய். போய் வாருங்கள்.