நனையாத மழைச்சட்டை

டென்மார்க்கில், எங்கள் வைலே நகரத்து வீட்டு வாசலில், கொழுவியில், ஒரு நீல மழைச்சட்டை தொங்குகிறது. கக்கத்தடியில் தையல் பிரிந்திருக்கிறது. முதுகில் செம்மண் தேய்ந்திருக்கிறது. என்னுடையதல்ல, பக்கத்து நகரமான சில்க்போர்க்கில் இருக்கும் அண்ணையுடையது. கூடப்பிறந்தவரல்ல, இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் எனக்கு அண்ணை. அவருக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. அன்று எங்களைக் கொல்லவந்த மழையின் ஒரு துளிகூட இந்தச் சட்டையில் விழவில்லை. எத்தனை தரம் யோசித்தாலும் அது என் மண்டைக்குள் இறங்க மறுக்கிறது.

அமெரிக்கப் பாலைவனத்துக்கு விடுமுறையில் போயிருந்தோம். அண்ணை, விபோர்க்கிலிருந்து என் மச்சான், நான். பாறையைக் கத்தியால் கீறிவிட்டதுபோல ஓர் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. எட்டத்தில் மழை தெரிந்தாலும் உள்ளே போகவேண்டாம் என்று வாசலில் பலகை. மலைகளுக்கு அப்பால், கைக்குட்டை அளவில், ஒரு முகில்.

"அண்ணை, அங்கால கறுக்குதெல்லே?" மச்சான் தயங்கினான்.

"டேய், விபோர்க் மழைக்குள்ள சைக்கிள் ஓடிக் காலம் தள்ளினனி. உந்தத் துண்டு முகிலுக்கோ பயம்? நனைஞ்சா நனைவம். நான் சட்டை கொண்டந்தனான்தானே!"

சிரித்தோம். மழைக்காக நின்றால் டென்மார்க்கில் கலியாணமும் நடக்காது, செத்தவீடும் நடக்காது. மழை என்றால் நனைவது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். பலகையையும் அந்தக் கண்ணால்தான் வாசித்தோம்.

உள்ளே போகப் போகச் சுவர்கள் நெருங்கின. செம்மஞ்சள் சேலையை மடித்து மடித்துக் கல்லாக்கியதுபோல மடிப்புகள். பக்கவாட்டில் நகர்ந்தோம், தவழ்ந்தோம், வயிற்றை எக்கினோம். "ஊருக்குப் போனதும் சோத்தை நிப்பாட்டுறன்" என்று ஒவ்வோர் இடுக்கிலும் அண்ணை சத்தியம் செய்தார். நிழல் குளிர்ந்ததால் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டார். திரும்பும்போது முழங்கைகள் உரிந்திருந்தன. தலைக்கு மேலே நீலக் கீலமாய் வானம். அதில் சுள்ளென்ற வெயில்.

அப்போதுதான் காற்று வந்தது. நனைந்த மண் மணக்கும் காற்று. பின்னாலேயே சரக்கு ரயிலின் இரைச்சல். தண்டவாளமில்லாத இடத்தில் ரயிலா? நானும் மச்சானும் ஒரு சுவரில் முதுகையும் மறுசுவரில் கால்களையும் ஊன்றி, மேலே ஒரு திட்டில் ஏறிவிட்டோம். அண்ணையால் முடியவில்லை. வளைவில் சேறும் விறகுமாய்த் தண்ணீர் திரும்பி, அவருடைய முழங்காலைப் பிடித்தது. நான் கையை எட்டிப் பிடித்தேன்.

"கையைப் பிடிச்சு இழுக்காதை, தோள் கழண்டிடும்! ரெண்டு கமக்கட்டுக்குள்ளயும் பிடியுங்கோ. நான் எண்ணுறன்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று டெனிஷில் எண்ணினார். கட்டிலிலிருந்து கிழவர்களைத் தூக்கும்போது அவர்களுக்குச் சொல்கிற அதே பதமான குரல். மரணம் காலைப் பிடித்திருக்க, தன்னையே ஒரு கிழவராக்கி ஆற்றிக்கொண்டிருந்தார். மூன்றில் சட்டையின் கக்கத்தடித் தையல் கிழிந்தது. ஆள் வந்துவிட்டார்.

ஒரு மூச்சுக்கு முன் அவர் நின்ற இடத்தால் ஒரு மரம் வேரோடு போனது.

வெயில் முகத்தில் அடித்தது. அண்ணை உள்ளங்கையை விரித்து, வீட்டு வாசலில் நின்று தூறல் பார்ப்பவர்போல, வானத்தை நோக்கி நீட்டினார். கை காய்ந்தே இருந்தது.

"எங்கயடா மழை?" என்றார்.

மலைகளுக்கு அப்பால், அந்தத் துண்டு முகில் நின்ற பக்கம் மச்சான் விரலை நீட்டினான்; அங்கே பெய்ததுதான் இங்கே வந்திருந்தது. தண்ணீர் வடிந்து நாங்கள் இறங்கும்வரை அந்தக் கையை அவர் மடக்கவேயில்லை.

திரும்பி வந்த அன்று சட்டையை இங்கே கழற்றிக் கொழுவியவர்தான். எடுத்துப்போங்கள் என்றால், "கிடக்கட்டும்" என்பார். இன்று வைலேயில் காலையிலிருந்து தூறல். கடல்வாயும் வானமும் ஒரே சாம்பல். தொலைபேசி அடித்தது.

"தம்பி, அங்க மழையோ?"

"ஓம் அண்ணை, தூறுது. அங்க எப்பிடி?"

அவர் யன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"இங்க நல்ல வெயிலடா."

அன்றும் இப்படித்தான் வெயில் அடித்தது. கொழுவியில் அந்தச் சட்டை காய்ந்துபோய்த் தொங்குகிறது. அவருடைய வெயிலுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல், தொலைபேசியைக் காதில் வைத்தபடி நிற்கிறேன்.