சுண்ணாம்பால் வரைந்த கிணறு

ஆம்பூரில் எங்கள் தெருக் கிணற்று நீரை வாயில் வைத்தால் முதலில் உப்பு கரிக்கும், பிறகு ஆவாரம்பட்டையின் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதில் பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி சிக்காகிவிடும். என் அப்பாவும் தெருவின் மற்ற ஆண்களும் "ஷாப்பு" என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் இடத்தில் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்கள். தோலும், அதைப் பதனிடும் ஆவாரம்பட்டையும் ஊறிய நீர் மண்ணுக்குள் இறங்கி எங்கள் கிணற்றைக் கெடுத்திருந்தது. நல்ல தண்ணீருக்கு மேட்டுத் தெருக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும், ஆனால் அங்கே நாங்கள் கயிற்றைத் தொடக்கூடாது, படிக்கல்லில் ஏறக்கூடாது. அந்தத் தெரு அம்மாள் யாராவது வந்து, தன் குடம் நிறைந்த பிறகு, மனமிருந்தால் எங்களுக்கும் கயிற்றால் நீரை இறைத்து, "சேந்தி", மேலிருந்தே ஊற்றுவார். அதுவரை கீழே நிற்க வேண்டும்.

அம்மா ஷாப்பில் ஆட்டு மயிர் அலசப் போவதால் அப்படி நிற்பது என் வேலையாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ஆனால் என் குடம் நிறைவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். இனியும் தாமதமானால் பெயரை எடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொன்னதை வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "தண்ணி இல்லாம சோறாக்க முடியுமா? படிச்ச வரைக்கும் போதும்" என்றாள்.

என்னோடு படித்த ராஜாத்திக்கும் இதே "பேஜார்"தான். யாரைப் பார்த்தாலும் அவர்களைப்போலவே பேசிக் காட்டுவாள். "நம்ம நிக்கிறதையே ஆடிக் காட்டினா இன்னாடி?" என்று கேட்டவள் அவள்தான். பெண்கள் கூத்தாடுவதைக் கேள்விப்படாத ஊர். தெரிந்தால் "கூத்தாடிச்சி" என்று தெருவே சிரிக்கும் என்று எனக்குப் பயம். ஆனாலும் எங்கள் வகுப்புப் பெண்கள் சேர்ந்து, பதிமூன்று பதினான்கு வயதுக்காரிகள், ஷாப்புக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அம்மாக்கள் எல்லோரும் தண்ணீருக்கு நிற்கும் நேரமாகப் பார்த்து, மேட்டுத் தெருக் கிணற்றடியிலேயே நாடகம் போட்டோம். நிஜக் கிணற்றில் ஏற முடியாது என்பதால் தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு அதைக் கிணறாக்கினோம். ஷாப்புக்கு வரும் பட்டைக் கட்டுகளில் ஒட்டியிருந்த ஆவாரம்பூவைக் காதிலும் மூக்கிலும் நகையாக ஒட்டிக்கொண்டு, ராஜாத்தி மேட்டுத் தெருப் பெரிய வீட்டம்மாளாக வந்தாள். நான் குடத்தோடு காத்திருக்கும் பெண்.

"பொழுது விடிஞ்சா வந்துடுதுங்க!" என்று ராஜாத்தி முகத்தைச் சுளித்தாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்து அவள் கையை வீசி, பெரிய வீட்டம்மாளின் குரலிலேயே, "ஏய், தள்ளி நில்லுங்கடி, மேல பட்டுடப் போவுது!" என்று அதட்டினாள்.

பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

ராஜாத்திக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று. "யக்கா, நான்தான்க்கா, ராஜாத்தி! நீங்க ஏன்க்கா போறீங்க?" என்றாள். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். "மூக்குல பூவ ஒட்டிக்கினு வந்தவளுக்கே இந்த மரியாத!" என்று ஒருத்தி தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் கால்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டிப் போய், குடத்தை நிஜக் கிணற்றின் படிக்கல் மேல் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து நிஜமான பெரிய வீட்டம்மாளே கயிறும் குடமுமாக வந்துவிட்டார்.

"இன்னாடி இது, கொடம் மேல ஏறிடுச்சி?"

"மணி அடிக்கப் போவுதும்மா. எம்பொண்ணு பள்ளிக்கொடம் போவணும்" என்றாள் அம்மா. குடத்தை எடுக்கவில்லை.

"தள்ளுங்கடி!"

இந்த முறை யாரும் நகரவில்லை. எங்களை உரசாமல் அந்த அம்மாளால் கிணற்றை நெருங்கவும் முடியவில்லை. பிறகு எதையோ முணுமுணுத்துக்கொண்டு வெறுங்குடத்தோடு திரும்பிவிட்டார். எங்கள் தெருப் பெண்ணொருத்தி ஓடிப்போய்த் தன் வீட்டுக் கயிற்றைக் கொண்டுவந்தாள். அம்மா சேந்தினாள். முதல் குடத்தை என் இடுப்பில் ஏற்றி, "ஓடு" என்றாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் குடங்கள் பல உடைந்தன, சில மண்டைகளும் உடைந்தன. ஆனால் பெண்கள் தனித்தனியாகப் போவதை நிறுத்தி, கூட்டமாக, சொந்தக் கயிற்றோடு போனார்கள். என் பெயரைப் பள்ளியில் எடுக்கவில்லை.

இன்று அதே பள்ளியில் நான் ஆசிரியை. மேட்டுத் தெருக் கிணற்றையும் உப்பு எட்டிப்பிடித்துவிட்டது. அதை மூடி, பக்கத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள், இரண்டு தெருக் குடங்களும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. சுற்று ஊர்களில் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை என்பதால், என் மாணவிகளைக் கொண்டு அந்த நாடகத்தை அங்கெல்லாம் நடத்த ஏற்பாடு செய்துவருகிறேன். ஒத்திகையில் ஒருத்தி "தள்ளி நில்லுங்கடி" என்று அதட்டுகிறாள், எங்கள் தெருப் பெண்களாக நடிக்கும் மாணவிகள் நின்ற இடத்திலேயே நின்று, "எதுக்கு டீச்சர் தள்ளணும்?" என்று என்னையே கேட்கிறார்கள். அவர்களுக்கு அந்த நகர்வு வரவேயில்லை. கடைசியில் நானே குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு நகர்ந்து காட்டினேன். என் கால் அதை மறந்திருக்கவில்லை.