கட்சி மைக்கில் காலரா அறிவிப்பு

ஊரில் அவரை வெண்கலம் என்றால்தான் தெரியும். அப்படியொரு தொண்டை. நகராட்சி ஆட்டோவில் மைக் பிடித்து, வரி கட்டு, கரண்ட் வராது என்று சொல்வது அவர் பிழைப்பு. தேர்தல் வந்தால் அதே ஆட்டோ, அதே மைக், சேர்மனின் கட்சிக்கு. எதிர்க்கட்சியை அவர் கிழிக்கிற கிழியில் ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும், தொட்டித் தெருவைத் தவிர. அது எதிர்க்கட்சிக் கோட்டை. அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். மாப்பிள்ளை அந்தத் தெருவுக்குக் கட்சிச் செயலாளர்.

மழையில் அந்தத் தெருவின் தொட்டித் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது. காலரா என்றார் சுகாதார ஆய்வாளர். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்ல நகராட்சி அனுப்பிய ஆள் யார் என்கிறீர்கள்? வெண்கலம். ஊரில் வேறு வாயே இல்லையா? நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

தொட்டி எதிர்க்கட்சிக் கவுன்சிலர் போராடி வாங்கியது. தண்ணீரைக் குறை சொன்னால் கட்சியைக் குறை சொன்ன மாதிரி. ஆட்டோ நுழைந்ததும் மாப்பிள்ளை குழாயைத் திறந்து, ஒரு சொம்பு பிடித்து மடமடவென்று குடித்தார். தெரு கைதட்டியது. அடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"நீயும் குடிம்மா. மாமா நல்லா பாக்கட்டும்."

"மாப்ள, கட்சி வேற, இது வேற! புள்ளைக்குக் குடுக்காதீங்க!" வெண்கலம் மைக்கிலேயே கத்தினார்.

"எங்க கவுன்சிலர் திருடன்னு இதே மைக்லதான சொன்னீங்க மச்சான்? அதுவும் உண்மையா?"

சேர்மன் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்று வெண்கலம் நடுத்தெருவில் எப்படிச் சொல்வது? அதற்குள் குழந்தை குடித்துவிட்டு அவருக்கு டாட்டா காட்டியது.

இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். குழந்தை கண்ணை மூடிவிட்டது.

அடக்கம் முடிவதற்குள் சேர்மன் ஒரு தாள் எழுதி அனுப்பினார். எதிர்க்கட்சியின் திமிர் ஒரு பிஞ்சைக் கொன்றது என்று தெருத்தெருவாகப் படிக்க வேண்டுமாம். வெண்கலம் அதைச் சுக்குநூறாகக் கிழித்தார். ஆனாலும் ஆட்டோவில் ஏறினார். தொட்டித் தெருவில் இன்னும் குழந்தைகள் இருந்தார்களே.

"தண்ணியக் காய்ச்சிக் குடிங்க. செத்தது என் தங்கச்சி பொண்ணு."

"பொணத்த வெச்சு ஓட்டு கேக்குறான் பாரு," என்று யாரோ சொன்னார்கள். ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினார்கள். தங்கை மட்டும் வெளியே வந்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க சேர்மனுக்குப் பேச, என் பொண்ணுதான் கெடச்சாளாண்ணே?"