மஞ்சள் தண்ணீரும் ஒரு ப்ளாங்க் ரன்னும்

அடையாறு ஆய்வகத்தில் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது கதிர்வீச்சு அல்ல, ஒரு பீக்கர் மஞ்சள் தண்ணீர்.

அணு உலைத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஓய்ந்துபோன ரெசின் மணிகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எரித்தால் புகையோடு கதிரியக்கமும் கிளம்பிவிடும். தொண்ணூறுகளில் நாங்கள் பிடித்த வழி சூப்பர்கிரிட்டிகல் தண்ணீர். 374 டிகிரிச் சூட்டையும் 220 பார் அழுத்தத்தையும் தாண்டினால் தண்ணீர் நீருமில்லை, ஆவியுமில்லை என்ற ரெண்டுங்கெட்டான் நிலைக்குப் போய்விடும். அதில் ஆக்சிஜன் தரும் பெராக்சைடு சேர்த்தால் ரெசின் புகையில்லாமல் எரிந்து தீரும். சோதனைக்குக் கதிரியக்கமில்லாத புது ரெசின்தான். இதற்காக நாங்கள் செய்த எஃகுக் கலமான ரியாக்டரிலிருந்து வரும் தண்ணீர் நிறமில்லாமல் இருந்தால் வெற்றி.

எங்களுக்கு மஞ்சளாக வந்தது. ரெசின் சரியாக எரியவில்லை என்று பெராக்சைடை ஏற்றினோம். மஞ்சள் கூடியது. இன்னும் ஏற்றினோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் வேலையை மதிப்பிடும் கமிட்டி வருவதற்கு முந்தின நாள், ரியாக்டர் பக்கத்தில் வால்வைத் திருப்பும் ஆபரேட்டர் செல்வம் அலுத்துக்கொண்டார். "இன்னா சார் இது, மஞ்சளாவே வந்துகினு கீது!"

எங்கள் தலைவர் சுந்தரராமன் மயிலாப்பூர்க்காரர். அவரிடம் போனேன். "சார், ரெசினே போடாம ஒரு ப்ளாங்க் ரன் ஓட்டலாம். மஞ்சள் எஃகுலேர்ந்து வருதோன்னு சந்தேகமா இருக்கு. சுவர் கரைஞ்சிருந்தா வெடிச்சிடும்."

"நாளைக்குக் கமிட்டி வரா. இன்னிக்கு வெறும் தண்ணியைக் காய்ச்சிண்டு உட்காரணுமா? பெராக்சைடை ஏத்தச் சொல்லு."

"அப்படின்னா செல்வத்தை வால்வுகிட்ட நிறுத்த மாட்டேன் சார்."

என் வேலை நிரந்தரமாகாத காலம். ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் முறைத்தார். பிறகு, "ஓட்டித் தொலை" என்றார்.

பிரஷரைக் குறைவாகவே வைத்து, வால்வை நானே திருப்பினேன். உள்ளே தண்ணீரும் பெராக்சைடும்தான், ஒரு ரெசின் மணிகூட இல்லை. தண்ணீர் மஞ்சளாகத்தான் வந்தது. எஃகிலிருந்த குரோமியம் பெராக்சைடில் கரைந்து வந்த நிறம் அது. பண்டம் வேகவில்லை என்று தீயைக் கூட்டி, பாத்திரத்தையே கரைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்றே ரியாக்டரை ஆறவைத்து அறுத்தோம். உள்சுவர் ஒரு பக்கம் தகடாக இளைத்திருந்தது. மறுநாள் சுந்தரராமன் சார் அறுத்த அந்தத் துண்டையே கமிட்டியின் மேஜைமேல் வைத்தார். வேறு உலோகத்தில் செய்து வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் செல்வம் குனிந்து பார்த்தார். "சார், இந்த சைடுலதான நான் நின்னுகினு இருந்தேன்?"

"ஆமாம்ப்பா" என்றார் சுந்தரராமன் சார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

புதிதாக ரியாக்டர் ஓட்ட வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் ஒரு ப்ளாங்க் ரன் ஓட்டுங்கள். அதுவரை பக்கத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள்.