உப்பில்லாத் தோப்பிலிருந்து வந்தவள்

அடுக்களையில் பித்தளைத் தட்டு ஒன்று விழுந்து உருண்டு அடங்கிய சத்தம் கேட்டதும், கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வச்சலா எழுந்து நின்றுவிட்டாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். பிசைந்த சோறு அப்படியே கையில் இருந்தது.

"பூனை தள்ளிவுட்டுச்சுடி. குந்து, துன்னு," என்று உள்ளேயிருந்து அண்ணி குப்பம்மா குரல் கொடுத்தாள்.

வச்சலா உட்காரவில்லை. தட்டு ஒலித்தால் எழ வேண்டும், 'உண்ணலாம்' என்று ஒரு குரல் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். சபையில் ஆறு வருஷப் பழக்கம். சொல்லாமல் வாயில் வைத்தால் சோறு தொண்டையை விட்டு இறங்காது.

"சரி தாயே, உண்ணலாம்," என்றாள் குப்பம்மா அலுப்போடு. "ஒங்கண்ணன் கடலுக்குப் போனா நான் சாமி கும்புடறேன். நீ சோத்துக்கே கும்புடற."

செய்யூருக்குத் தெற்கே சவுக்குத் தோப்புக்குள் அந்தச் சபை இருந்தது. அங்கே யாரும் உப்பு சேர்ப்பதில்லை; வெளியே இருப்பவர்கள் அதை உப்பில்லாத் தோப்பு என்பார்கள். அதை விட்டு வச்சலா சதுரங்கப்பட்டினத்து அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அவளும் சந்தோஷமாக வாழ்க்கைப்பட்டவள்தான். கல்யாணமான மறுவருஷம் புருஷன் மாயவனின் கட்டுமரம் கவிழ்ந்தது. மூன்று பேரில் அவன் மட்டும் கரை சேர்ந்தான். பிறகு அலைச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கியது. யாரோ அவனை அந்தச் சபைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே எல்லாரும் நைனா என்று கும்பிட்ட மனிதர் அவன் தலையில் கை வைத்து, "உப்பு உன்னை விழுங்கப் பார்த்தது. நீ உப்பை விட்டுவிடு, அது உன்னை விட்டுவிடும்," என்றார். அன்றிரவு மாயவன் நிம்மதியாகத் தூங்கினான். அந்தத் தூக்கத்துக்காகவே வச்சலாவும் அவனோடு தோப்புக்குப் போனாள்.

தோப்பில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மூன்று வயதில் அதற்குப் பேதி கண்டது. இரண்டாம் நாள் கண் உள்ளே போய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று வச்சலா புருஷன் காலைப் பிடித்தாள். நைனா உத்தரவு தரவில்லை என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெற்றவள் மனசு கேட்குமா? பக்கத்து நிலத்தில் கடலை பறிக்க வந்தவளிடம் கெஞ்சி ஒரு சிட்டிகை உப்பு வாங்கி, கஞ்சித் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். பொழுது சாய்வதற்குள் குழந்தை அடங்கிவிட்டது.

சபை நடுவே அவளை நிற்க வைத்தார்கள். "நீ கொடுத்த உப்புதான் கொன்றது," என்றார் நைனா. "இனி எங்கே போய் நீ உப்பைத் தொட்டாலும் அடுத்தது உன் புருஷன்."

குழந்தை போன எட்டாம் நாள் பஜனையில் கை தட்டச் சொன்னார்கள். வச்சலாவின் கைகள் எழவில்லை. அப்படியே வெளியே நடந்தவள்தான். ஆனால் அந்த வார்த்தை கூடவே வந்தது. கல்பாக்கத்துக் கட்டட வேலைக்காரர்களுக்கு மீன் விற்றுப் பிழைக்கும் அண்ணன் வீட்டில், அவள் தனிச் சட்டியில் உப்பில்லாக் கஞ்சி குடித்தாள். பிள்ளையைக் கொன்றவள் புருஷனையுமா கொல்ல வேண்டும்?

அன்று சாப்பிட்டு முடித்து அவள் கை கழுவும்போது வாசலில் நிழல் ஆடியது. வெள்ளை வேட்டியோடு மாயவன் நின்றான். உடம்பு தேறியிருந்தது.

"உள்ள வாயா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். அவள் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தொடவில்லை. "நைனா மன்னிச்சுட்டாரு வச்சலா. ஒம்போது மாசமா நீ உப்பு தொடலன்னு தியானத்துல பாத்துகினே கீறாரு. அதான் எனக்கு ஒரு தலவலி கூட இல்ல. நாளைக்குப் பௌர்ணமி. வந்துடு."

வச்சலா கொடியில் கிடந்த இரண்டு சேலைகளை உருவி மடிக்கத் தொடங்கினாள்.

குப்பம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "அண்ணாத்த, ஒங்க நைனா நல்லா பாத்தாரா?"

"பாத்தாரு தங்கச்சி."

"ஒரு நாளு வுடாம?"

"அவரு கண்ணுக்குத் தப்புமா?"

"அப்ப அவரு கண்ணுக்கு வைத்தியம் பாக்கச் சொல்லு. வந்த மூணா நாள்லேந்து இவ கஞ்சியில நான்தான் உப்பு போட்டுகினு கீறேன்."

வச்சலாவின் கையிலிருந்து சேலை நழுவியது. "கெணத்துத் தண்ணி கரிக்குதுன்னு சொன்னியே அண்ணி."

"சித்திரையில கரிக்கும். ஐப்பசி மழையிலயுமாடி கரிக்கும்? நீயும் கேக்கல, நானும் சொல்லல."

வச்சலா புருஷனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். சதை பிடித்த தோள்கள். தெளிந்த கண்கள்.

"அப்ப நீ ஏன்யா சாவல?" என்றாள் மெதுவாக.

மாயவனின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "ரெண்டு நாளா... இங்க வலிச்சுகினுதான் கீது."

"இப்பத்தான் தலவலி கூட இல்லன்ன," என்றாள் குப்பம்மா.

அவன் அவளைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்தான். "உப்புதான் வச்சலா. நம்ப புள்ளைய உப்புதான் கொன்னுச்சு. ஆமான்னு சொல்லு." குரல் உடைந்தது. "ஒரு வாட்டி சொல்லிடு, நான் போயிடறேன்."

அவன் எதற்குக் கெஞ்சுகிறான் என்று வச்சலாவுக்குப் புரிந்தது. உப்பு கொல்லவில்லை என்றால், அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன் யார்? ஒன்பது மாதமாக அவள் சுமந்ததை இனி அவன் சுமக்க வேண்டும். ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்குத் தூக்கம் வரும். ஆறு வருஷம் அந்தத் தூக்கத்துக்காகத்தானே அவள் எல்லாவற்றையும் விட்டாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் போற மதுராந்தகம் பஸ்ஸு ரோட்டுல நின்னுகினு இருந்துச்சுயா," என்றாள். "புள்ளைய இடுப்புல வச்சிகினு நான் அதைப் பாத்துகினே இருந்தேன்."

மாயவன் அடிபட்டவன்போல் வயிற்றைப் பிடித்தபடியே எழுந்தான். படியில் கால் இடறியது. வச்சலா தாங்கப் போகவில்லை. தெருவில் இறங்கி அவன் திரும்பிப் பார்த்தபோது, அவள் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.