முப்பத்தொன்றிலேயே நின்ற பேட்டரி

மின்படகுகளுக்கு சார்ஜ் ஏற்றும் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அவளை அங்கே எல்லோரும் ‘துப்பறியும் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா வந்த பட்டமில்லை. யாராவது டீ வாங்கிக் கொடுத்தால்கூட, “என்ன காரியம் ஆகணும்?” என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவாள். கட்டிய புருஷன் அங்கேயே படகு ஓட்டுகிறான். அவன் இருக்கைக்கு நேர் கீழே பேட்டரிப் பெட்டி. அவள் எப்படி அசந்திருப்பாள்?

சார்ஜ் ஏறும்போது பேட்டரி சூடாகும். அதில் ஒட்டியிருக்கும் சென்சார் அந்தச் சூட்டைத் திரையில் காட்டும். சூடு கூடினால் சார்ஜர் தானாக மெதுவாகிவிடும். அன்று சாயங்காலமும் வெயில் கொளுத்தியது. எல்லாப் படகும் நாற்பது டிகிரியைத் தாண்டியிருக்க, கடைசியாக வந்த புருஷனின் படகு மட்டும் முப்பத்தொன்றிலேயே நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. அவளுக்கு உறுத்தியது. பெட்டியின் மூடியில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

சார்ஜரை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தாள். சென்சாரை யாரோ பிய்த்து, ஈரத்துணியில் சுற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். நேரே போய் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்தாள். போன வாரம்தான் அவனோடு வாய்ச்சண்டை.

“எங்க வீட்டுக்காரர் உக்கார்ற எடத்துல கொள்ளி வைக்கிறியா?”

“ஐயோ, நான் அந்தப் பக்கமே போகலக்கா!”

“எந்தத் திருடன் ஒத்துக்கிட்டான்?”

புருஷன் ஓடிவந்து குறுக்கே நின்றான். “அவன விடு. நான்தான் செஞ்சேன்.”

அவள் பிடி தளர்ந்தது.

“என் படகுக்கு சார்ஜ் ஏறி முடியிற வரைக்கும் நீ இந்தப் புழுக்கத்துல கெடக்குற. சட்டுனு ஏறிட்டா ரெண்டு பேரும் சேந்து வீட்டுக்குப் போலாம்னுதான். நேத்தும் அப்படித்தான் வெச்சேன், ஒண்ணும் ஆகலயே.”

நேற்றும் அந்த எண்ணைப் பார்த்து, அப்பாடா என்று கொட்டகையைப் பூட்டியவள் அவள்தான். இன்று காலை பயணிகளை ஏற்றிக்கொண்டு அவன் அதே இருக்கையில் போனதை நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

“ஊரையே சந்தேகப்பட்டேன். உங்க ஒருத்தர மட்டும்தான் விட்டு வெச்சிருந்தேன்.”

பேட்டரியை முழுக்கச் சோதிக்காமல் படகை எடுக்கக் கூடாது என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். அன்று இருவரும் சேர்ந்தே, சீக்கிரமாகவே வீடு போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.